பின்பக்கத்தில் குத்திய முத்திரை

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் டிராமுக்குக் காத்து நின்றபோது தவமணி அக்காவின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "அக்கா இண்டைக்குக் காலமை போயிட்டா. உங்களுக்கு உடன சொல்லச் சொன்னவ" என்றார். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அக்காவே எழுதி வைத்திருந்தாராம். அவரை அறிந்து இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு இது புதினமாக இராது. நான்தான் ஏறாமல் நின்றேன். மூன்று டிராம்கள் வந்து போயின.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, புத்தகம் கட்டும் வேலை பழகி, பிறகு பழைய தாள்களைச் செப்பனிடும் பட்டறையொன்றில் ஓய்வு பெறும்வரை இருந்தவர் அவர். அகதி விடுதியில் நாற்பது பேருக்கு ஒரே சமையலறை. அடுப்பு முறை வரும்வரை பக்கத்து அறை ஈரானியப் பெண்ணிடம் பாரசீகம் படித்திருக்கிறார். எங்கள் வீட்டாரும் அப்படியொரு விடுதியில்தான் இருந்தார்கள். அவர்கள் அந்த நேரத்தில் அடுப்புக்குச் சண்டை பிடித்தார்கள்.

ஸ்டுட்கார்ட் தமிழ்ப் பாடசாலை மண்டபத்தில் ஒருநாள் அவர் பேசியதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலேயர், தாம் பாரசீக மன்னர் ஷாவின் தூதர் என்று லண்டனுக்குக் கடிதத்தோடு வருகிறார். பின்னாலேயே ஒரு பாரசீகர் வந்து, தாமே உண்மையான தூதர் என்கிறார். இருவரும் சந்தித்த இடத்தில் பாரசீகர் அந்தக் கடிதத்தைப் பறித்துக் கிழித்து, மற்றவரின் முகத்தில் குத்தும் விட்டார். ஷாவின் முத்திரை கடிதத்தின் தலைப்பில் இருக்கும், இதில் பின்பக்கத்தில் இருக்கிறது, ஆகவே பொய் என்பது பாரசீகரின் வாதம். வேற்று நாட்டவனிடம் கொடுத்துவிடும் கடிதத்துக்குப் பின்பக்கம்தான் முத்திரை என்பது ஆங்கிலேயரின் பதில்.

மண்டபம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "அந்த இங்கிலாந்து ராசா என்ன செய்தவர் தெரியுமோ? ரெண்டு பேரையும் கப்பலில ஏத்தி, கூடத் தன்ர தூதரையும் விட்டு, ஷாவிட்டயே கேக்க அனுப்பினவர். தனக்குத் தெரியாது எண்டு ஒத்துக்கொள்ள ஒரு ராசாவுக்கு எவ்வளவு மனம் வேணும்" என்றார். ஒருவர் கடல் வழியிலேயே இறந்தார். மற்றவர் பாரசீகம் போய்ச் சேர்ந்து சில காலத்தில் இறந்தார். இதைச் சொன்னபோது, நேற்று நடந்த சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் போல அவர் குரல் தாழ்ந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். ஆனால் கேட்டு வியந்ததோடு சரி. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அடுத்த ஆண்டு, தஞ்சம் கோரிய ஒரு வன்னிப் பெண்ணின் விசாரணைக்கு நான் மொழிபெயர்ப்பாளன். அவரிடம் ஒரே ஆதாரம், கிராம அலுவலரான ஊர் விதானையார் எழுதிக் கொடுத்த கடிதம். முத்திரை பின்பக்கத்தில் இருந்தது. அதுவும் இரண்டு துண்டாக, பாதி ஓரிடத்தில், மீதி வேறிடத்தில். அதிகாரி என்னைப் பார்த்து, "உங்கள் நாட்டில் இது வழக்கமா?" என்றார். என் வேலை மொழிபெயர்ப்பது மட்டும். நானோ பெரிய விற்பன்னன் போல, "இல்லை, கையெழுத்துக்குக் கீழேதான் குத்துவார்கள்" என்றேன். அது பதிவாயிற்று. அந்தப் பெண்ணின் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று.

மேன்முறையீட்டுக்கு வழக்கறிஞர் அந்தக் கடிதத்தை அக்காவிடம் ஆராயக் கொடுத்தார். விசாரணைப் பதிவும் கூடவே போயிருக்கிறது. அக்கா என்னைப் பட்டறைக்கு வரச் சொன்னார்.

"தம்பி, இதைச் சொன்னது நீங்களோ?"

"ஓம் அக்கா."

"எத்தினை வயசில ஊரை விட்டு வந்தனீங்கள்?"

"நாலு."

"அதுக்குள்ள எத்தினை விதானையார் கடிதம் பாத்திருப்பியள்?"

அவர் கடிதத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் வைத்து, பழைய மடிப்புகளின் வழியே மெல்ல மடித்தார். கடைசி மடிப்பு விழுந்ததும் தாளின் முதுகில் இருந்த இரண்டு துண்டுகளும் கூடி ஒரு முழு வட்டமாயின. மடித்து மூடிய பிறகு, விளிம்பின் மேல் குத்திய முத்திரை அது. சோதனைச் சாவடிகளில் யாராவது பிரித்து மாற்றி மடித்தால் தெரிய வேண்டும் என்று ஒரு விதானையார் யோசித்திருக்கிறார். அந்தத் தாள் அவர் கையில் வாய் திறந்து சாட்சி சொன்னதை நான் கண்ணால் கண்டேன்.

"நல்ல காலம் அக்கா, நீங்கள் எழுதினால் சரிவந்திடும்" என்றேன்.

"நான் பேப்பரைப் பற்றித்தான் எழுத ஏலும். உங்கட வாயைப் பற்றி நீங்கள்தான் எழுத வேணும்."

எழுதினேன். அறியாததை அறிந்தவன் போலச் சொன்னேன் என்று நீதிமன்றத்துக்கு எழுத இரண்டு நாள் பிடித்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், வெட்கம் மறுபக்கம். வேலை போகவில்லை. அந்தப் பெண் இன்று இந்நாட்டில் வாழ்கிறார். அக்காவின் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார். நான் ஒதுங்கி நின்றேன். அவரே வந்து, "சாப்பிட்டியளோ அண்ணை?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போன வாரம் இன்னொரு விசாரணை. வயதான மனிதர் ஒருவர் பிரமாணப் பத்திரம் ஒன்றை நீட்டினார். தேதி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதிகாரி என் பக்கம் திரும்பி, அங்கே இப்படித்தானா என்று கேட்டார். "எனக்குத் தெரியாது" என்றேன். இந்த வேலையில் பதினைந்து ஆண்டுகளில் முதல் தடவை. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றுதான்.

பெரியவர் பதறி, "என்ன தம்பி சொன்னனீங்கள்?" என்றார்.

"எனக்குத் தெரியாது எண்டு சொன்னனான் ஐயா."

அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் சொல்லுறன். கேட்டு எழுதச் சொல்லுங்கோ."