குப்பைப் பெட்டியில் கிடந்த மனு

எங்கள் வாய்க்காலுக்கு இணையத்தில் ஒரு விக்கி நடத்துகிறேன். எந்த ஊருக்கு எந்த நாள் தண்ணீர் முறை என்று அதில் யாரும் திருத்தலாம், அடியில் கருத்தும் எழுதலாம். மதகு திறக்கும் லஸ்கர் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து அந்தக் கருத்துகளைப் படித்துவிட்டுத்தான் கிளம்புவார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

போன சம்பாவின்போது அந்தப் பக்கத்தில் ரம்மி விளம்பரம் புகுந்தது. முறைப் பட்டியலில் குடவாசல் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரையே அழித்துவிட்டு எவனோ சீட்டாடக் கூப்பிட்டிருந்தான். அழிக்க அழிக்க வந்தது. பஸ்ஸில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், எங்கே இருந்தாலும் என் கை போனுக்கே போயிற்று. நிம்மதியாக ஒரு வாய் இறங்கவில்லை.

"சோத்துல ஒரு கை, போன்ல ஒரு கை. வெளங்கிடும்" என்றாள் மனைவி.

பொறுக்க முடியாமல் ஒரு பிளகின் போட்டேன். ஒரே போனிலிருந்து ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் வந்ததையும் சேர்த்து அதுவே பிடித்துக் குப்பைப் பெட்டியில் தள்ளிவிடும். இரண்டாம் நாள் பெட்டி இருபத்து மூன்று என்று காட்டியது. நல்லா மாட்டினான் என்று சிரித்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் கடைமடைத் தெருவிலிருந்து ஓர் அம்மா ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒரு வாரமா தண்ணி வரலீங்க. நாத்து வெளுத்துப் போச்சு. தெருவே மனு போட்டிருக்கோம், நீங்க ஏத்தவே இல்லையே."

பெட்டியைத் திறந்தேன். 'ஐயா, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. நாற்று காய்கிறது. ஆவன செய்யவும்.' எழுத்து மாறாமல் இருபத்து மூன்று. கீழே பெயர் மட்டும் வேறு வேறு.

"ஏம்மா எல்லாம் ஒரே மாதிரி எழுதினீங்க?"

"மனுன்னா ஒரே மாதிரிதானே இருக்கணும்? ஆளுக்கொண்ணு எழுதுனா தெருவுல ஒத்துமை இல்லன்னு தள்ளிடுவாங்க. எல்லாருக்கும் நாந்தான் என் போன்ல தட்டுனேன்."

பிறகு அந்தப் போனை என்னிடம் நீட்டினார். எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு கருத்து இருந்தது. 'மிக அருமையான தகவல் ஐயா.' அதற்கடியில் ரம்மி லிங்க்.

"இவனுக்கு மட்டும் எப்படிங்க எடம் குடுத்தீங்க?"

வெட்கத்தில் முகம் எரிந்தது. அங்கேயே நின்று லஸ்கரைக் கூப்பிட்டேன். "யாரும் ஒண்ணும் எழுதலியே சார், கடைசி வரைக்கும் எட்டிருச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றார். மறுநாள் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. பிளகினை எடுத்துவிட்டேன்.

அதற்கடுத்த நாள் அந்த அம்மாவின் போனிலிருந்து வரிசையாகக் கருத்துகள் வந்தன. 'ஐயா, தண்ணீர் வந்தது. நாற்று பிழைத்தது. நன்றி.' எழுத்து மாறாமல், ஒவ்வொரு பெயராக. எண்ணினேன். இருபத்திரண்டு. அவர் பெயர் இல்லை.

லஸ்கரிடம் கேட்டேன். வாய்க்கால் முடிகிற இடத்து நாற்றங்கால் அவருடையது, தண்ணீர் போகுமுன்பே கருகிவிட்டது என்றார்.

இன்னும் சாப்பிடும்போது என் கை போனுக்குப் போகிறது. இருபத்து மூன்றாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.