ஸ்பீக்கர் பக்கத்து மேஜை

சென்ற சனிக்கிழமை என் மகன் என்னை ஒரகடம் பக்கம் ஒரு ராக் பாருக்கு அழைத்துப் போனான். அப்பாவை மகன் பாருக்கு அழைத்துப் போகிற காலம் இது... வாயை மூடிக்கொண்டு கூடப் போய்விட வேண்டும்.

மேடையில் நாலு பையன்கள் கிடாரை உலுக்கிக்கொண்டிருந்தார்கள். நன்றாகவே இருந்தது. பில் வருவதற்கு முன்னால் ஒரு டேப்லெட் வந்தது. ‘உங்கள் அனுபவம் எப்படி?’ உணவு, இசை, இருக்கை, கழிவறை — எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட வேண்டுமாம். கடைசிக் கேள்வி: ‘எங்கள் ஊழியர்கள் உங்களைக் கவனித்தார்களா?’

கவனித்தார்கள்தான். தண்ணீர் கேட்டேன், தண்ணீர் வந்தது. ஆனாலும் அந்தக் கேள்வியில் என் விரல் நின்றுவிட்டது. கஸ்டமரைக் கவனிப்பது என்றால் என்ன? அதை ஒருவர் செய்து நான் பார்த்தது 1991-ல். இதே வட்டாரத்தில். அதுவும் ஒரு ராக் பாரில்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிப் பாகங்களாக மாற்றுகிற இடம். வரிசையாக எட்டு பிரஸ். ஒவ்வொன்றும் இறங்கும்போது தரை ஒரு தடவை எழுந்து உட்காரும். செகண்ட் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். பசி, அலுப்பு, காதுக்குள் கொய்ங் என்று ஒரு சத்தம். ரூமுக்குப் போய்த் தூங்குகிற வயசா அது?

பென்னலூரில், பெங்களூர் ரோட்டை ஒட்டி ஒரு லாட்ஜ் இருந்தது. அதன் மாடியில் பார். பெயர்ப்பலகையில் என்னவோ எழுதியிருக்கும். எங்களுக்கு அது ‘ஜோசப் அண்ணன் மாடி’.

ஜோசப் அண்ணன் பென்னலூர்க்காரர். ஐம்பது வயது இருக்கும். சரக்குக் கப்பலில் பல வருஷம் சமையல்கட்டிலும் சாப்பாட்டு மேஜையிலும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். கப்பலிலிருந்து வருகிறவர்கள் சென்ட் பாட்டில் கொண்டுவருவார்கள், டேப் ரெகார்டர் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது இரண்டு பெட்டி நிறைய ராக் கேசட்டுகளும், பீரோ சைஸில் இரண்டு ஸ்பீக்கர்களும். லாட்ஜ் முதலாளி பாரை இவர் பொறுப்பில் விட்டுவிட்டார்.

“சினிமாப் பாட்டு வோணும்னா கீழ டீக்கடைல கேட்டுக்கோ. இங்க இதான்.” புதிதாக வருகிறவர்களிடம் அவர் சொல்கிற முதல் வாக்கியம் இது.

வந்தவர்கள் எல்லாம் ஓடியிருக்க வேண்டும், இல்லையா? ஓடவில்லை. நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர், முட்டைப் பொரியலும் பரோட்டாவும் தவிர வேறு எதையும் தொடாதவர், முதல் நாள் பாட்டைக் கேட்டுவிட்டு எழுந்து நின்றே விட்டார். “ஏனுங்க, பாடறவனக் கரண்டு புடிச்சுக்கிச்சுங்களா?” அடுத்த மாதம் பார்த்தால், சனிக்கிழமை ராத்திரி பென்னலூரைத் தாண்டுகிற மாதிரி லோடு ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறார்.

ஜோசப் அண்ணன் குடிக்கவும் அளவாகத்தான் கொடுப்பார். கொஞ்சம் ஆடினால் பைக் சாவியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார். கீழே ஒரு ரூமில் படுக்கவைத்து, விடிந்ததும் காபியோடு சாவி. பார் நடத்துகிறவர் செய்கிற வேலையா இது?

எனக்கு அவர் மேல் ஒரே ஒரு குறைதான். மாடி முழுக்க மங்கலான சிவப்பு பல்புகள் — அதுதான் அழகே. ஆனால் வலது பக்க ஸ்பீக்கரை ஒட்டி ஒரு சின்ன மேஜை. அதற்கு மேலே மட்டும் பளீரென்று ஒரு நூறு வாட்ஸ் பல்பு. சத்தத்துக்குப் பயந்து அந்த மேஜையில் யாரும் உட்கார்வதில்லை. வெளிச்சம் மட்டும் எங்கள் கண்ணைக் குத்தும்.

“அதைக் கழட்டுங்கண்ணா, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு” என்று நானே இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

“அது இருக்கட்டும் தம்பி” என்பார். அவ்வளவுதான்.

வழக்கமாக நான் சனிக்கிழமை போவேன். ஒரு வாரம் ஷிப்ட் மாறியதால் புதன்கிழமை போனேன். அன்றைக்கு அந்த மேஜையில் ஆள் இருந்தது. பார்த்தால்... ஏகாம்பரம்!

ஏகாம்பரம் என் லைனில் பிரஸ் ஆபரேட்டர். வடக்குப்பட்டுக்காரர். முப்பத்தைந்து வயது, ஒன்பது வருஷ சர்வீஸ். அதிகம் பேசமாட்டார். எதைச் சொன்னாலும் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டு “செரி சார்” என்பார். தங்கமான ஆள் என்றுதான் நினைத்திருந்தேன் — இருபது நாள் முன்பு வரை.

இருபது நாள் முன்பு என்ன நடந்தது? பிரஸ்ஸுக்குள் மாட்டுகிற இரும்பு அச்சு, டை என்போம், டன் கணக்கில் எடை. அதைக் கிரேன் தலைக்கு மேலே தூக்கிப் போகும்போது சைரன் அடிக்கும். எல்லோரும் விலகிவிட வேண்டும். அன்று எல்லோரும் விலகினார்கள். ஏகாம்பரம் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சைரன் அலறுகிறது, நான் கத்துகிறேன், அவர் திரும்பவே இல்லை. கிரேன்காரர் கடைசி நொடியில் நிறுத்தினார். டை ஊசலாடி அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

என் பயத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டு ஒரு மெமோ எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ‘கவனக்குறைவு’ என்று போட்டேன். ஏகாம்பரம் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு மெமோ வந்தால் வேலை போய்விடும்.

அந்த மனுஷர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒரு சோடா. இரண்டு உள்ளங்கையும் ஸ்பீக்கர் பெட்டியின் மேல். கண்ணை மூடிக்கொண்டு, ட்ரம்ஸ் விழுகிற ஒவ்வொரு இடத்திலும் மிகச் சரியாகத் தலையை ஆட்டுகிறார். நல்ல போதை என்று முடிவு செய்தேன்.

“இன்னா ஏகாம்பரம், ஒரே பக்தியா இருக்கு!”

பதில் இல்லை. பாட்டு முடிந்து மாடியே அமைதியானபோது, பின்னால் போய் நின்று மறுபடி கூப்பிட்டேன். அசையவில்லை. மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் ஜோசப் அண்ணன் என் தோளைத் தொட்டார்.

“பின்னாலேர்ந்து கூப்டாத தம்பி. அவருக்குக் கேக்காது.”

“எது கேக்காது?”

“எதுவுமே.”

நான் சிரித்தேன். “என் லைன்லதாண்ணா வேலை பாக்கறார். தினமும் பேசறேன்.”

“மூஞ்சியப் பாத்துப் பேசற. அதனால வாயப் படிச்சுக்கறாரு. திரும்பிகினு பேசிப் பாரு.”

சைரன். மெமோ. ‘செரி சார்’. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மொத தபா ரெண்டு பேரோட வந்தாரு. நம்ப சப்ளையர் பையன் ஒரு ட்ரே கிளாஸ இவரு பின்னால போட்டு ஒடச்சான். அத்தினி பேரும் துள்ளினாங்கோ. இவரு மட்டும் ஊறுகாய நக்கிகினு கீறாரு.” ஜோசப் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “கப்பல்ல இஞ்சின் ரூம்ல ஒருத்தன் இப்டித்தான் இருந்தான். இரும்புச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடும் தம்பி, ஆளுக்கே தெரியாது. இவரு மறுக்கா வந்தப்ப கையப் புடிச்சு இந்தப் பொட்டி மேல வெச்சேன். அழுதுட்டாரு.”

“அப்போ... இந்த பல்பு?”

“இருட்டுல வாய எப்டிப் படிக்கறது?”

நான் கழற்றச் சொன்ன பல்பு.

இரண்டு வருஷம், தினமும் எட்டு மணி நேரம், பத்தடி தூரத்தில் அந்த ஆளை வேலை வாங்கியவன் நான். அவரை மேற்பார்வை பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவன். எனக்குத் தெரியாதது, வாரம் ஒரு சோடா விற்றவருக்குத் தெரிந்திருக்கிறது! கவனக்குறைவு என்று மெமோ எழுதியிருந்தால் அதை யாருக்கு எழுதியிருக்க வேண்டும், சொல்லுங்கள்?

அதற்குள் ஏகாம்பரம் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். ஜோசப் அண்ணனைப் பார்த்தார். எழுந்து கும்பிட்டார்.

“சார்... சொல்லிடாதீங்க சார். வூட்ல கூட முழுசா தெரியாது. ரெண்டு பொண்ணுங்கோ படிச்சிகினு கீதுங்கோ. அன்ஃபிட்டுனு அனுப்பிடுவாங்க சார்.”

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், அடுத்த தடவை கிரேன்காரரின் கை ஒரு நொடி தாமதித்தால்?

ஜோசப் அண்ணன்தான் பேசினார். ஏகாம்பரத்துக்கு நேராக முகத்தைக் காட்டி, நிதானமாக.

“இங்க பாரு ஏகாம்பரம். இங்க நடக்கறத வெளிய எடுத்துனு போவக்கூடாதுன்னு நான் எல்லார்க்கும் சொல்றவன். ஆனா மூணு மாசமா உங்கிட்ட சொல்லிகினு கீறேன், அந்த மெஷினாண்ட நீ நிக்காதன்னு. நீ கேக்க மாட்டேன்ற. ஒரு நாளு இந்த மேஜ காலியா கெடந்தா நான் இன்னா நெனைக்கறது?”

ஏகாம்பரம் சோடா பாட்டிலைத் தள்ளி வைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“நீங்களே சொல்லுங்க சார். ஆனா நானும் கூட இருப்பேன். நீங்க இன்னா சொல்றீங்கன்னு நான் பாக்கணும்.”

மறுநாள் இரண்டு பேரும் மேனேஜர் அறையில் நின்றோம். நான் ஒரு கடிதம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். நான் கொடுத்த மெமோ தவறு, அவர் காது பிரஸ் ஷாப் சத்தத்தில் போயிருக்கிறது, காதில் வைக்க ஒரு பஞ்சுகூட நாம் கொடுத்ததில்லை — இதுதான் சாரம். ஏகாம்பரத்துக்குத் தெரிய வேண்டுமே என்று அவர் பக்கம் திரும்பி நின்று பேசினேன்.

“மிஸ்டர், என்னைப் பார்த்துப் பேசுங்க” என்றார் மேனேஜர்.

“உங்ககிட்டதான் சார் பேசறேன். அவரும் கேக்கணும் இல்லையா?”

மேனேஜர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். “என்ன எழுதியிருக்கீங்கன்னு புரிஞ்சுதான் எழுதினீங்களா? கம்பெனி மேல கேஸ் போட இது ஒண்ணு போதும். இதைத் திருப்பி எடுத்துக்குங்க. மெடிக்கல் அன்ஃபிட்னு டீசண்டா அனுப்பிடலாம். அடுத்த மாசம் உங்க கன்ஃபர்மேஷன் வேற வருது.”

நான் வீரன் இல்லை. ஒரு நிமிஷம் அந்தக் கடிதத்துக்காக என் கை நீண்டது உண்மை. நீண்ட கையை ஏகாம்பரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணுக்கு எதிரில் எப்படி எடுப்பது?

“இருக்கட்டும் சார். கடிதம் அங்கேயே இருக்கட்டும்” என்றேன்.

அப்போதுதான் ஏகாம்பரம் வாய் திறந்தார். காது கேட்காததால் அவருக்கே தெரியாமல் குரல் பெரிதாக வந்தது. அறைக்கு வெளியே நின்ற ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒம்போது வருசம் சார். எங்காது இந்த ஷெட்டுலதான் சார் கீது. நான் வெளிய எங்கயும் எடுத்துனு போவல.”

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். “வெளியில வெயிட் பண்ணுங்க” என்றார்.

பதினோரு நாள் ஏகாம்பரத்தை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதினோரு நாளும் எனக்கு ஒரே கேள்விதான். சரியான காரியம் செய்தோமா, ஒரு குடும்பத்தைக் கெடுத்தோமா? பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது. இன்ஸ்பெக்‌ஷன் பெஞ்சில் வேலை. பாகங்களை அளந்து பார்த்து, நல்லதையும் கெட்டதையும் பிரிக்க வேண்டும். மேலே கிரேன் கிடையாது. ஓவர்டைம் பணமும் கிடையாது, அது நஷ்டம்தான். ஆனால் வேலை இருந்தது.

மெமோ ரத்தானது. என் வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. பிரஸ் ஷாப்பில் எல்லோருக்கும் காது அடைப்பான் வந்தது. கிரேனில் சைரனுக்குப் பக்கத்தில் சுழல்கிற மஞ்சள் விளக்கு ஒன்றைப் பொருத்தினார்கள். யார் யோசனை என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஜோசப் அண்ணனின் யோசனைதான். அதைக் கேட்க நான் தனியாகப் பென்னலூர் போயிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஏகாம்பரம் வந்தார். நான் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். இவ்வளவு வெளிச்சத்தில் நான் அந்த மாடியில் உட்கார்ந்ததே இல்லை. ஜோசப் அண்ணன் கேட்காமலே இரண்டு சோடா கொண்டுவந்து வைத்துவிட்டு, இருக்கிறதிலேயே முரட்டுக் கேசட்டாக ஒன்றை எடுத்துப் போட்டார்.

ஏகாம்பரம் பெட்டியில் கையை வைத்தார். “நீங்களும் வைங்க சார்” என்றார். வைத்தேன். உள்ளங்கை வழியாக ஏறி, முழங்கையைத் தாண்டி, நெஞ்சுக்குள் வந்து இடித்தது ட்ரம்ஸ். அதுவரை நான் பாட்டைக் காதால் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்!

பாட்டு பாதியில் இருக்கும்போது அவர் என் பக்கம் குனிந்தார். முகத்தில் சின்னப் பிள்ளை மாதிரி ஓர் ஆசை.

“சார், ரொம்ப நாளா கேக்கணும்னு. இவன் இன்னாதான் சார் பாடறான்?”

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்டேன். பாடகர் நாலு வரி தொண்டை கிழியக் கத்தினார். மறுபடி அதே நாலு வரி.

“தெரியலையே ஏகாம்பரம்... ஒரு வார்த்தைகூடப் புரியலை” என்றேன்.

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜையைத் தட்டிச் சிரித்தார், மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி.

“அப்போ உங்களுக்கும் கேக்கலியா சார்!”