எட்டு அணைக்கட்டும் ஒரு மோதிரமும்

நிச்சயதார்த்தத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, எனக்கான மோதிரத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து வடிவமைத்துச் செய்யப்போகிறோம் என்று இரண்டு வீட்டிலும் சொன்னோம். கடையில் இல்லாத மோதிரமா என்று இரண்டு வீட்டிலும் கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆசை அவருடையது. என்னிடம் இருந்தது ஒரு நிபந்தனை மட்டும்.

நான் ஏரல் பக்கம் ஒரு கிராமத்தில் கால்நடை மருத்துவர். அவர் பாசனப் பிரிவில் உதவிப் பொறியாளர், கல்லிடைக்குறிச்சிக்காரர். பெண் பார்த்து, ஜாதகம் பொருந்தி, பெரியவர்கள் பேசி முடித்த பிறகு பாளையங்கோட்டையில் ஒரு ஓட்டலில் சந்தித்தோம். மோதிரத்தில் கல் வேண்டாம், எதுவும் துருத்திக்கொண்டு இருக்கக் கூடாது, கையுறை கிழிந்துவிடும் என்றேன். எந்தக் கையுறை என்று கேட்டார். மாட்டுக்குச் சினை பார்க்கும்போது போடுவது என்றேன். எதுவரைக்கும் போடுவீர்கள் என்றார். தோளைத் தொட்டுக் காட்டினேன். சட்னியில் தோய்த்த இட்லியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சாப்பிட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன்.

ஓட்டலில் அவர் கை கழுவிவிட்டு வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு வரைபடத்தாளை எடுத்து விரித்தார். பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணி, பென்சிலில், அளவுகோலோடு. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளுக்கும் எட்டுப் புள்ளிகள். இந்த ஆறு அப்படியே மோதிரத்தைச் சுற்றி ஓட வேண்டுமாம். ஏன் ஆறு என்று கேட்டேன்.

“எங்க ஊர்ல நாங்க குளிச்ச தண்ணிதான உங்க ஊருக்கு வருது” என்றார்.

அது காதல் பேச்சு என்று எனக்குப் புரிந்தபோது பஸ் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டியிருந்தது.

டவுனில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், சொல்கிற மாதிரி நகை செய்து கொடுக்கும் கணவன் மனைவி இருந்தார்கள். கணவர் பட்டறையில் இருப்பார், தலையை நிமிர்த்தவே மாட்டார். கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அந்த அக்கா. ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தோடு போனோம். அக்கா ஆற்றை மோதிரத்தின் மேல் சுற்றிவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

“இங்கன பாருங்க சார். மோதிரம் வட்டம்லா. உங்க ஆறு கடல்ல விழுந்த கையோட மலையில ஏறுது.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. பாசனப் பிரிவில் வேலை பார்க்கிறவர் தண்ணீரை மலையேற விட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். கடலுக்கும் மலைக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் விட்டுப் பார்த்தோம். மோதிரம் உடைந்து ஒட்டியது போல இருந்தது. கடைசியில் அங்கே ஒரு சின்னப் பட்டை வைப்பது என்று முடிவானபோது ஒரு ஞாயிறு போயிருந்தது.

அடுத்த ஞாயிறு அணைக்கட்டுகளுக்கு. உண்மையான தூரத்தின்படி வைத்தால் மேற்கே சில புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இரண்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று அக்கா சொன்னார். “கட்டின அணைக்கட்டைத் தள்ளி வைக்க முடியாதுக்கா” என்றார் இவர், விளையாட்டுக்கு அல்ல. அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நிறைய அனுதாபம் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு, வார்ப்பதற்கு முன் சரிபார்க்கச் சொல்லி, பச்சை மெழுகில் மாதிரி மோதிரம் ஒன்றை ஒரு டப்பாவில் வைத்து என்னிடம் கொடுத்தார்கள். படம் எடுத்து அவர் அம்மாவுக்கு அனுப்பினேன். பாம்பு மோதிரம் எதற்கு, யாராவது பரிகாரம் சொன்னார்களா என்று அத்தை கேட்டார்கள். என் அம்மா சேமியா என்றாள். மறுநாள் மருந்தகத்தில் என் உதவியாளர் யோசிக்கவே இல்லை. “டாக்டர், இது கன்னுக்குட்டி வயித்துல இருக்க உருளைப்புழுலா” என்றார்.

உண்மையில் ஓட்டலில் அந்தத் தாளை விரித்தபோதே எனக்கும் அதுதான் தோன்றியது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். இனியும் மறைக்கக் கூடாது என்று போனில் சொல்லிவிட்டேன். அவர் “சரி, வைக்கட்டுமா” என்றார். இரண்டு நாள் போன் வரவில்லை. புழு என்ற ஒரு வார்த்தையில் கல்யாணம் நின்றுபோன முதல் பெண் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் மருந்தகத்து வாசலில் வந்து நின்றார். வாய்க்கால் மடை ஒன்றைப் பார்க்க வந்தேன் என்றார். உள்ளே ஓர் ஆட்டுக்காரர் ஆட்டோடு காத்திருந்தார். இவர் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றுவிட்டு, “அந்தப் புழுவைக் கொஞ்சம் காட்டுங்க” என்றார்.

அலமாரியிலிருந்து, புழுவை மருந்துத் தண்ணீரில் போட்டு வைத்திருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மெழுகு மோதிரத்தைக் கேட்டு வாங்கி அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆட்டுக்காரரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

“ஆறு மருதூர்கிட்ட வளையுதுல்லா, அதுகூட அப்படியே இருக்கு” என்றார் கடைசியில்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவரும் சிரித்துவிட்டார். அந்தப் பச்சைப் புழு யார் வீட்டு மாட்டுக்கு வந்தது என்று ஆட்டுக்காரர் கவலையோடு விசாரித்தார். கோபித்துக்கொண்டு இருந்துவிடாமல், பஸ் ஏறி வந்து பார்த்து, ஆமாம் என்று ஒப்புக்கொள்கிற ஆளோடு காலம் தள்ளிவிடலாம் என்று அந்த இடத்தில்தான் எனக்கு நிச்சயம் ஆனது. தாம்பூலம் மாற்றியது எல்லாம் பிறகு.

ஆற்றை மோதிரத்தின் உட்பக்கம் வெட்டினால் என்ன என்று நான்தான் கேட்டேன். வெளியே யாருக்கும் தெரியாதே என்றார். எனக்கு உறுத்துமே, அது போதாதா என்றேன். வெளிப்பக்கம் வழவழப்பு, உள்ளே எட்டுப் புள்ளிகளோடு ஆறு. அக்கா அதைக் கேட்டுவிட்டு, இதை முதல் வாரமே சொல்லியிருக்கக் கூடாதா என்றார்.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் மோதிரம் கைக்கு வந்தது. நான் அதைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்: “ஏட்டி, மாப்பிள்ளைக்கு மோதிரம் எங்க?”

அவருக்குப் போன் செய்தேன். அவருக்கும் அந்த ஞாபகமே வரவில்லையாம். அன்று சாயங்காலமே நாங்கள் இருவரும் அம்மாவோடு ஒரு கடைக்குப் போனோம். அம்மா முதல் தட்டில் கைவிட்டு, பூ வேலைப்பாட்டுக்கு நடுவே சிவப்புக் கல் வைத்த ஒன்றை எடுத்தாள். அவர் விரலுக்குச் சரியாக இருந்தது. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

நிச்சயதார்த்தத்தன்று என் கையைப் பார்க்க ஒரு கூட்டமே வந்தது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இதுக்கா மூணு வாரம் அலைஞ்சிய என்று சிலர் நேராகவே கேட்டார்கள். நல்ல கனமாக இருக்கிறது என்று அத்தை மட்டும் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். எல்லாரும் அவர் கைக்குப் போய்விட்டார்கள். போட்டோக்காரர் அந்தச் சிவப்புக் கல்லை மூன்று கோணத்தில் எடுத்தார். என் பெரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

“இதுல்லா டிசைன். யாரு போட்டது?”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார்.

“நாங்க ரெண்டு பேருமாத்தான் போட்டோம், பெரியம்மை” என்றார்.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பந்தியைக் கவனிக்கப் போய்விட்டாள். பெரியம்மா எங்கே செய்தது என்று கேட்டு, கடைக்கு வழியும் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வாரம் டவுன் அக்கா என்னைப் போனில் கூப்பிட்டார். தான் செய்யாத ஒரு மோதிரத்தின் படத்தைக் காட்டி, அதே மாதிரி வேண்டும் என்று ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருக்கிறார், என்ன சொல்ல என்று கேட்டார். செய்து கொடுத்துவிடுங்கள் என்றேன்.