சிங்கக்கோழி

தோசைக்குச் சட்னி கேட்க வாய் திறந்தவர், "லாரி" என்றார். மறுபடியும் "லாரி" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். கையிலிருந்த தோசைத் துண்டு நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

என் கணவர் முருகேசன் பந்தல்குடியில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். அருப்புக்கோட்டையில் முதலுதவி செய்து மதுரைக்கு அனுப்பினார்கள். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள்.

காலும் கையும் மெல்லத் தேறின. பேச்சு தேறவில்லை. அதற்கு அஃபேசியா (நினைப்பதைச் சொல்ல வார்த்தை கிடைக்காத நிலை) என்று பெயர்.

"அவருக்கு எல்லாம் வெளங்கும்மா. வார்த்தைதான் மாறி வருது. பேச வச்சுக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர்.

பயிற்சிக்கு ஒரு பட அட்டை கொடுத்தார்கள். குடை, சாவி, பசு. சாவியைக் காட்டினால் "பசு" என்பார். தப்பு என்று அவருக்கே உடனே தெரிந்துவிடும். முகம் சுருங்கிப்போகும். பிறகு அட்டையை எடுத்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இனிப் பேச முயலவே மாட்டாரோ என்று பயந்தேன்.

எங்கள் மகள் மலர் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி நூலகத்திலிருந்து ஒரு படப்புத்தகம் கொண்டுவந்தாள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் கற்பனை செய்த விலங்குகள் அதில் இருந்தன. கோயில் தூணில் நிற்கும் யாளி, நெற்றியில் ஒற்றைக் கொம்புள்ள குதிரை, சிங்க உடம்பும் கழுகுத் தலையுமாக ஒன்று. அவள் எதையும் அப்பாவிடம்தான் கேட்பாள். கழுகுத்தலைச் சிங்கத்தைக் காட்டி அது என்னவென்று கேட்டாள்.

"கோழி" என்றார். இல்லையென்று தலையாட்டி, "சிங்கம்" என்றார். எரிச்சலில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. "சிங்கக்கோழி."

நான் திருத்த வாயெடுத்தேன். அதற்குள் மலர், "ஆமாப்பா, சிங்கக்கோழிதான். மூக்கப் பாருங்க" என்றாள்.

அவர் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல் முறையாகச் சிரித்தார். பக்கத்தைத் தானே புரட்டினார். கொம்புள்ள குதிரை "குடைக்குதிரை" ஆனது. யாளியை மட்டும் "யாளி" என்று சரியாகச் சொல்லிவிட்டார். மலருக்கு அது பிடிக்கவில்லை. வேறு பெயர் கேட்டு நச்சரித்தாள்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் இதைத் தயங்கித்தான் சொன்னேன். தப்பாகிவிடுமோ என்ற பயம் போனால் வார்த்தை தானாக வரும், புத்தகத்தை விடாதீர்கள் என்றார். தினமும் அப்பாவும் மகளும் புதுப்புது விலங்குகளுக்குப் பெயர் வைத்தார்கள். மழைக்காலம் வந்தபோது பசு பசுவாகவும் சாவி சாவியாகவும் திரும்பியிருந்தன.

உங்கள் வீட்டிலும் ஒருவர் வார்த்தை தேடிக்கொண்டிருந்தால், உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். எனக்கும் அது லேசில் வரவில்லை. இப்போது மறுபடி கடைக்குப் போகிறார். டயர் கழற்றும்போது அவருடைய வலது கை சற்றுப் பிந்தி வருகிறது. இடது கை அதற்காகக் காத்திருக்கிறது. நானும் அப்படியே பழகிக்கொண்டேன்.

நேற்று டீ கேட்க வந்து அடுப்படி வாசலில் நின்றார். வார்த்தை வருவதற்குள் பால் பொங்கி, டீயே போட்டு முடித்துவிட்டேன். டம்ளரை வாங்கிக்கொண்டு "டீ" என்றார். ஒரு வாய் குடித்தார்.

"சீனி பத்தல" என்றார், தடங்கலே இல்லாமல்.