மாமி துப்புரவாக்கிய கல்லறை

உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் மாமி என்னை எட்மண்டன் சேமக்காலைக்குக் கூட்டிப் போனார். அப்பப்பாவை அங்கேதான் அடக்கம் செய்திருந்தோம். எனக்கு அப்போது எட்டு வயது. மாமிக்குக் குப்பை கண்ணில் படக்கூடாது. பஸ்ஸில்கூட இருக்கையைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

அப்பப்பாவின் கல்லறையைத் தேய்த்துக் கழுவி, மெழுகுதிரியும் கொளுத்தியாயிற்று. அடுத்தது ஒரு சீனக் குடும்பத்தின் கல்லறை. அதன் மேல் மஞ்சள் தாள்கள் மழையில் ஊறிக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு கல்.

"ஆரோ பொடியள் விளையாடிப்போட்டுப் போயிருக்குதுகள். அயலுக்கு இதுகூடச் செய்யாட்டி எப்பிடி? பொறுக்கடா தம்பி," என்றார் மாமி.

பொறுக்கினேன். தாள்கள் எங்கள் குப்பைப் பைக்குள் போயின. கற்களைப் பாதையோரம் எறிந்தேன். மாமி அதையும் கழுவிவிட்டு, இடுப்பில் கைவைத்து அழகு பார்த்தார்.

அப்போது வாளியும் தோடம்பழங்களுமாக ஒரு சீனப் பெண் வந்தார். மாமியின் வயதிருக்கும். கல்லறையைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தார். பின்பக்கமும் போய்ப் பார்த்தார். யாராவது வந்தார்களா என்று ஆங்கிலத்தில் எங்களைக் கேட்டார். ஒருவரும் வரவில்லை, சுத்தமாக்கியது நாங்கள்தான் என்று மாமி பெருமையாகச் சொன்னார்.

அந்தப் பெண் கல்லறை விளிம்பிலேயே இருந்துவிட்டார். வசந்தத்தில் சீனர்கள் முன்னோரின் கல்லறையைக் கூட்டி, உணவு படைத்து, பிள்ளைகள் வந்துபோன அடையாளமாக மேலே தாள் வைப்பார்களாம். தகப்பனின் செத்தவீட்டில் சண்டைபிடித்துப் போன அண்ணன் இவரோடு கதைப்பதில்லை. எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. ஆனால் வருடம் தவறாமல், இவருக்கு முன்னே வந்து தாள் வைத்திருப்பார். அதைக் கண்டால் அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று தெரியும். இந்த முறை அது இல்லை.

மாமி என்னைப் பார்த்தார்.

"அந்தப் பையை அவிழடா," என்றார் மெதுவாக.

வாடிய பூக்களுக்குள்ளிருந்து தாள்களை எடுத்து, சேற்றில் முழங்காலிட்டு, ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த அழுக்கை நகத்தால் நீக்கிக் கொடுத்தார் மாமி. நான் கற்களைத் தேடி ஓடினேன். அந்தப் பெண் தாள்களை மடியில் விரித்து, தடவித் தடவி, பழையபடி வைத்தார். அவற்றின் பக்கத்தில் தன் தாள்களையும் வைத்தார். எனக்கு ஒரு தோடம்பழம் தந்தார்.

பஸ்ஸில் கேட்டேன்.

"மாமி, வீட்டில புது மஞ்சள் பேப்பர் கட்டாக் கிடக்குதே. அதை அவவுக்குக் குடுத்திருக்கலாம்தானே?"

கிழிந்துபோன அந்தத் தாள்களைப் பார்த்து அந்தப் பெண் ஏன் சிரித்தார், சிரித்தபடியே ஏன் அழுதார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. புதுத் தாள் கேட்க வெட்கப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.