கழுத்தில் ஒட்டாத வார்னிஷ்

இது யாரோ சொல்லி நான் கேட்ட கதை இல்லை. என் கையால் நானே அச்சடித்த ஒரு பலகையின் கதை. அந்தப் பலகை இப்போதும் ஒரு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

நான் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் யூவி ஃப்ளாட்பெட் பிரிண்டர் ஓட்டுகிறவன். கட்டில் அகலத்துக்கு ஒரு மேசை இருக்கும். அதில் பலகையை வைத்தால் போதும். மேலே பிரிண்டரின் தலைப்பகுதி போய் வந்து மையைத் தெளிக்கும். கூடவே வரும் யூவி விளக்கு அந்த நொடியே மையை இறுக வைத்துவிடும். வெயில் பட்டாலும் மை இறுகிவிடும் என்பதால் எங்கள் அறை ஜன்னல்களுக்குக் கறுப்பு அடித்திருக்கிறோம். நடுப்பகலிலும் உள்ளே இருட்டுதான்.

கடையில் என் பட்டப்பெயர் 'கிளவுஸ்'. காரணம் இருக்கிறது. நிறமில்லாத வார்னிஷ் மை சரியான முசுடு. வெறும் விரல் பட்டுப் பிசுக்கு இருந்தால் அந்த இடத்தில் ஒட்டாது. ஒதுங்கிக்கொள்ளும். அங்கே பள்ளம் விழும். அதனால் கையுறை இல்லாமல் ஒருத்தரையும் பலகைப் பக்கம் அண்டவிட மாட்டேன். "சாப்பிடறப்பவாவது கழட்டுவியா?" என்று முதலாளி கிண்டல் செய்வார். செய்யட்டும். என் பலகையில் ஒரு ரேகை விழுந்ததில்லை.

ஒருநாள் ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு போட்டோ.

"எங்க அக்காண்ணா. போன மாசம் மாடிப்படியில விழுந்து இறந்துட்டா. அவ பொண்ணுக்குப் பிறவியிலேயே கண்ணு தெரியாது. அம்மா முகத்தைத் தொட்டுப் பாக்கணும்னு ஒரே அழுகை."

வார்னிஷை அடுக்கடுக்காக ஏற்றினால் மேடு எழும்பும். மூக்கு, உதடு, இமை எல்லாம் விரலுக்குத் தட்டுப்படும். நிறமே தேவையில்லை. அந்தக் குழந்தைக்கு அவள் அம்மா முகத்தை ஒரு குறையும் இல்லாமல் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"நாளைக்கு நாலு மணிக்கு வாங்க. குழந்தையையும் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் மற்றவர்கள் பலகை மாட்ட வெளியே போயிருந்தார்கள். நான் மட்டும். வெள்ளை அக்ரிலிக் பலகையை வைத்தேன். பெரிய கண்களை அகலத் திறந்து சிரிக்கும் முகம். தோள்வரை படம்.

டர்ர்ர்... டக். டர்ர்ர்... டக்.

முடிந்ததும் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். அப்படிப் பார்த்தால்தான் வார்னிஷ் கண்ணுக்குத் தெரியும். முகம் அச்சு அசல். ஆனால் கழுத்தில்... ஐந்து பள்ளங்கள். இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் நான்கு.

விரல் தடம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எவனோ தொட்டிருக்கிறான்! புதுப் பலகை எடுத்தேன். கையுறையோடுதான் மேல்தாளை உரித்தேன். ஸ்பிரிட் போட்டு இரண்டு தடவை துடைத்தேன். மறுபடியும் ஓட்டினேன்.

அதே ஐந்து பள்ளங்கள். இந்தமுறை இன்னும் ஆழமாக.

ஒருவேளை நான்தானோ? என் கையை மேலே வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அந்தக் கையில் மோதிர விரல் மட்டும் பாதியிலேயே நின்றிருந்தது.

அறைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேர்த்தது.

வம்பே வேண்டாம் என்று படத்தில் கழுத்தையே வெட்டிவிட்டேன். தாடையோடு படம் முடிந்தது. மூன்றாவது பலகை.

மூன்று நாற்பது. வேலை முடிந்தது என்று திரை காட்டியது. தலைப்பகுதி ஓரத்தில் போய் நின்றது.

நிம்மதியாக மூச்சு விட்டேன்.

டர்ர்ர்...

டக்.

தானாக நகர்ந்தது. தாடைக்குக் கீழே.

பிரிண்டரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன். திரை அணைந்தது. அதன் மின்விசிறி நின்றது.

டர்ர்ர்... டக்.

இருட்டில் ஊதா வெளிச்சம் மட்டும் போய் வந்தது.

போய்... வந்தது.

நின்றது.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். நான் வெட்டியெறிந்த கழுத்து, பலகையில் இருந்தது. ஐந்து பள்ளங்களோடு.

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன். முகம் விளக்கின் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

கழுத்து மட்டும் ஜில்லென்று இருந்தது.

அப்போது வாசலில் மணி அடித்தது. நேற்று வந்த பெண், குழந்தையின் சித்தி, குழந்தையோடு நின்றாள். பின்னால் குழந்தையின் அப்பா. ஒரு கை பேன்ட் பைக்குள் இருந்தது. இனி வேறு பலகை ஓட்ட நேரமில்லை. அதையே முன் மேசையில் வைத்தேன்.

குழந்தையின் விரல்கள் முகத்தில் ஊர்ந்தன.

"அம்மா கண்ணு... அம்மா மூக்கு... சித்தி, அம்மா சிரிக்கிறாங்க!"

அவளும் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. விரல்கள் கீழே இறங்கின. நின்றன.

"இங்க அப்பா கை இருக்கு."

"என்னடா செல்லம்?"

"அப்பா கைதான் சித்தி. பாருங்க, இந்த விரல் குட்டை."

அவள் அப்பாவின் கையைத் தேடித் துழாவினாள். அவன் பையிலிருந்த கையை எடுத்து வேகமாகப் பின்னுக்கு மறைத்துக்கொண்டான். ஆனால் நான் பார்த்துவிட்டேன். பாதி மோதிர விரல்.

சித்தியும் பார்த்தாள். குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டாள்.

"இனிமே இவ எங்கூட இருப்பா."

அவன் தடுக்கவில்லை.

சித்தி போலீசில் புகார் கொடுத்தாள். புதைத்த உடலை எடுத்து மறுபடி பரிசோதித்தார்கள். அவன் ஒப்புக்கொண்டான். இப்போது சிறையில் இருக்கிறான். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

தீர்ப்பு வந்ததற்கு மறுநாள் காலை சித்தி போன் செய்தாள்.

"அண்ணா... அந்தப் பலகை நாளாக நாளாக மாறுமா?"

"மாறாதும்மா. இறுகினா இறுகினதுதான். ஏன்?"

"கழுத்து வழவழன்னு ஆயிடுச்சு. பள்ளமே இல்ல. அம்மா தூங்கிட்டாங்கன்னு பாப்பா சொல்றா. நானும் தொட்டுப் பாத்தேன். கண்ணு ரெண்டும் மூடியிருக்குண்ணா."

நான் அச்சடித்தது திறந்த கண்கள்.

முதல் இரண்டு பலகைகளும் கடைப் பரணில் துணி சுற்றிக் கிடக்கின்றன. அவற்றை டார்ச் அடித்துப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.