முதல் ஆளுக்கு நாற்பது வினாடி

காலை ஐந்தரை ஆகப் போகிறது. சொர்ணலதா லேப்டாப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து காபியை ஆறவிட்டுக்கொண்டிருக்கிறாள். ஆள் வந்த பிறகுதான் குடிப்பாள்.

வயது நாற்பத்தொன்று. போடி கடைவீதியில், அப்பாவின் பழைய பலசரக்குக் கடைக்கு மேல்மாடிதான் வீடும் ஆபீசும். ஏலக்காய் வியாபாரிகள் சங்கத்துக்கு இணையத்தில் விலைப்பக்கம் நடத்துகிறாள். "வேலையா இது? ஒரு புரோகிராமுக்கு ஆயா வேல பாக்குறேன்" என்பாள். பொய்யில்லை. புரோகிராம் பழசு, ஒரு நாள் ஓடினால் மெமரி நிரம்பி மூச்சு முட்டும். அதனால் தினமும் ஐந்தேகாலுக்கு, அதைத் தாங்கி நடத்தும் சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிடுகிறாள்.

நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. படக்கென்று பிடுங்கினால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "உள்ள ஒருத்தரு வெல கேட்டு நிக்காருல்ல, அவருக்குப் பதில் சொல்லி அனுப்பிட்டுப் போகட்டும்." சர்வரும் நல்ல பிள்ளையாக, கையிலுள்ளதை முடிக்க விட்டு, திறந்ததை மூடச் சொல்லி, அப்புறம்தான் புரோகிராமை வெளியே அனுப்பும்.

எழுப்புவதுதான் வேடிக்கை. சர்வர் எழுந்தாலும் புரோகிராம் எழாது. முதல் ஆள் பக்கத்தைத் திறந்தால்தான் சர்வர் அதை எழுப்பும். எழுந்த புரோகிராம் பத்து வருட விலையையும் வாரி எடுத்துக்கொள்ள நாற்பது வினாடி. அதுவரை அந்த முதல் ஆள் வெள்ளைத் திரையைப் பார்த்துக் கிடக்க வேண்டியதுதான். பின்னால் வரும் ஆயிரம் பேருக்கும் அதே புரோகிராம் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் சொல்லிவிடும். செட்டிங்கில் ஒரே ஒரு வரி சேர்த்தால் சர்வரோடு புரோகிராமும் எழுந்துகொள்ளும். யாருக்கும் காத்திருப்பு இல்லை. சொர்ணலதாவுக்கு அந்த வரி தெரியாதா என்ன? தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

நேற்றுவரை அதைப் போடவில்லை. மூன்று வருடமாக அந்த முதல் ஆள் கனடாவிலிருந்து வருகிறான்; பக்கத்தை எந்த ஊரிலிருந்து திறக்கிறார்கள் என்பது அவள் திரையில் தெரியும். அங்கே அப்போது இரவு எட்டு மணி. அந்த ஊரில் போடி ஏலக்காய் விலை எவனுக்கு வேண்டும்? தம்பி விஜய்ராஜுக்குத்தான். இவளோடு உட்கார்ந்து இந்தப் புரோகிராமை எழுதியவன். விசா கைக்கு வரும்வரை வாயே திறக்காமல் இருந்துவிட்டுக் கிளம்பியவன். "போறவன் போ. இனி இந்தப் படியேறாத" என்று அவள் சொன்னதோடு பேச்சு நின்றுபோனது. "சொன்னவ நான். நான்தான கூப்புடணும்? நம்பர எடுப்பேன், அழுத்தக் கை வராது." வியாபாரிகள் காத்திருக்கக் கூடாதென்றுதான் அவன் முந்திக்கொள்கிறான் என்று நினைத்திருந்தாள். எதற்கு வந்தால் என்ன? ஒரு நாளில் அக்காளும் தம்பியும் சேர்ந்திருப்பது அந்த நாற்பது வினாடிதான்.

நேற்று தம்பி வரக் கொஞ்சம் தாமதம். சங்கச் செயலாளர் நாகராஜ் முந்திக்கொண்டு, காத்திருந்து, கடுப்பாகிப் போன் போட்டார்.

"ஏம்மா, இம்புட்டு நேரமா சுத்துது? யாவாரிக கேட்டாகன்னா நான் என்ன சொல்ல?"

"சரி பண்ணிர்றேன், அண்ணாச்சி."

வேறென்ன சொல்ல முடியும்? அந்த வரியைப் போட்டாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்குப் புரோகிராம் ஐந்தேகாலுக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறது. சரியாக ஐந்தரைக்குக் கனடா வந்தது. ஒரே வினாடி. பக்கம் திறந்துவிட்டது. அவ்வளவுதான், போய்விட்டான் என்று அவள் காபியை எடுத்தபோது அதே முகவரி மறுபடி வந்தது. மறுபடியும். நாலாவது தடவையும். விலை பார்க்க ஒரு தடவை போதாதா? அவனும் அந்த நாற்பது வினாடிக்காகத்தான் வந்துகொண்டிருந்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கிறுக்குப்பயலே..."

கண்ணைத் துடைத்துக்கொண்டே வரியை அழித்தாள். நாகராஜ் அண்ணாச்சி திட்டினால் திட்டட்டும். சர்வரை முறையாக நிறுத்தி, மறுபடி ஓடவிட்டாள்.

ஐந்தாவது தடவை வந்தான். இந்தத் தடவை பக்கம் திறக்கவில்லை. புரோகிராம் மெதுவாக எழுந்துகொண்டிருந்தது; அவன் அங்கே வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"இருடா, இங்கனதான் இருக்கேன்" என்று திரையைப் பார்த்துச் சொன்னவள், போனை எடுத்து அவன் பெயரை அழுத்திக் காதில் வைத்தாள்.